ஆள் இல்லை

அபூடு மூன்றாவது முறையும் கதவைத் தட்டினான். பூட்டிக் கிடந்தாலும் மூன்று முறை தட்ட வேண்டும் என்பது விதி.

உள்ளே சத்தமில்லை.

அவனோடு வீடு வீடாக ஆள் கணக்கெடுக்க வந்திருந்த அத்திஜா தாளை மார்போடு அணைத்தபடி நின்றாள். தீவுப் பெண்களின் வழக்கப்படி முகத்தில் பூசியிருந்த வெள்ளைச் சாந்து வியர்வையில் கோடு கோடாக இறங்கியது.

போர்த்துகீசிய வியாபாரி ஒருவன் விட்டுப்போன வீடு. கூரை பாதி விழுந்துவிட்டது. பவழக்கல் சுவர் மட்டும் நிமிர்ந்து நின்றது.

தீவின் பழைய வீடுகளைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே முன்வர வேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்தபோது, முதலில் பெயர் கொடுத்தவள் அத்திஜாதான். எந்தத் தெரு வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தெருவைக் கேட்டு வாங்கினாள்.

இடிந்த வீட்டில் ஆள் இருந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம், கூடாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போன வாரம் ஒரு குடும்பத்தை லாரியில் ஏற்றினார்கள். அடுப்பில் கொதித்த மீனை இறக்கக்கூட விடவில்லை. போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

இந்த வீட்டில் ஆள் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் பேனாவைத் தன் கையில் வைத்திருந்தாள்.

அபூடு கதவில் காதை வைத்துக் கேட்டான். "உள்ள பேய் இருந்தா அதுவும் லாரி ஏறித்தான் ஆகணும், அக்கா."

அவளும் சிரித்துவைத்தாள். 'ஆள் இல்லை' என்று எழுதினாள்.

அவளுக்கு மூச்சு சீராவதற்குள் அபூடு கைவண்டியிலிருந்து பலகைகளை இறக்கிவிட்டான். ஆளில்லாத வீடுகளில் புதிதாக யாரும் புகுந்துவிடாதபடி, இன்று முதல் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட வேண்டுமாம். நேற்றுக் கூட்டத்தில் முடிவானதாம். நேற்றுக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை.

"இந்த முனையப் பிடிங்கக்கா. ஆணி கோணிக்கும்."

வாய் திறந்தால் லாரி வரும்.

அவள் பலகையைப் பிடித்தாள்.

ஒவ்வொரு அடியும் மரத்தின் வழியே அவள் உள்ளங்கைக்குள் இறங்கியது.

படகிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நாள் முதல் அமிசே பாயை விட்டு எழுந்ததில்லை. காலையில் அவன் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, யார் தட்டினாலும் மூச்சுக் காட்டாதே என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கதவைப் பூட்டினாள்.

கடைசி ஆணி இறங்கும்வரை, அவள் புருஷன் மூச்சுக் காட்டவில்லை.