பச்சை வளையல்

"அப்பனுக்கு இன்னும் கருமாதி முடியல. மக பதுளை பஜாருல வளையல் வாங்குறா!"

ஜீவராணி வந்த பஸ்ஸுக்கு முன்னாடியே இந்தப் பேச்சு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வாசலிலேயே மறித்தாள் ஜெயலெட்சுமி. செத்துப்போன வீரசிங்கத்தின் தங்கச்சி.

"பையில என்னடி?"

"கண்ணாடி வளையல், அத்தை."

"ஒங்கம்மா கையில இருக்கிறத ஒடைக்கப் போறோம். நீ புதுசா வாங்கி அடுக்கு. நல்லாருக்குடி!"

ஜீவராணி உள்ளே போனாள். அம்மா கருப்பம்மா சுவரோடு சாய்ந்து கிடந்தாள்.

"அத்தைகிட்ட கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் புள்ள. போன தேருக்கு ஒங்கப்பா வாங்கிப் போட்டுவிட்டது, இந்தப் பச்சை ஒண்ண மட்டும் விட்டுடு ஜெயான்னு கெஞ்சினேன். ஒண்ணு மிஞ்சினாலும் எங்கண்ணன் ஆத்மா அலையும்னுட்டா."

ஜீவராணி அந்த வளையலைத் தடவிப் பார்த்தாள்.

"கழட்டித் தாங்கம்மா. கருமாதிக்குள்ள கொண்டாந்துடுறேன்."

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். லயத்துக்கு இன்னொரு பேச்சு கிடைத்தது.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு. கண்ணாடியில் முடியளவு பள்ளம் போடும் இயந்திரம் அங்கே உண்டு. கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடாது. அதனால் அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் மூழ்கவைத்து, மேலே மெல்லிய ஊசியை இறக்குவார்கள். ஊசி முனையில் பொறி பறக்கும். அந்தச் சூட்டில் கண்ணாடி துளித்துளியாய்க் கரையும். அவசரப்பட்டால் கண்ணாடி வெடித்துவிடும்.

பஜாரில் வாங்கிய வளையல்கள் ஒவ்வொன்றாய் வெடித்தன.

"பதறாதீங்க தங்கச்சி," என்றான் கூட வேலை செய்யும் ஹஸீப், அவள் 'நானா' என்று அழைக்கும் அண்ணன். "அப்பப்ப ஊசியத் தூக்குங்க. தண்ணி உள்ள போகட்டும்."

கடைசியாக வாங்கியது வெடிக்கவில்லை. ஜீவராணி கைக்குட்டையைப் பிரித்துப் பச்சை வளையலை எடுத்தாள்.

"இதுவும் பழகிப் பாக்கத்தானா?"

"இல்ல ஹஸீப் நானா. இது எங்கம்மாவோடது. போனா வேற இல்ல."

ஹஸீப் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தான். ஜீவராணி ஊசியை இறக்கினாள்.

கருமாதியன்று காலையில் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் கருப்பம்மாவை உட்காரவைத்தார்கள். ஜீவராணி அம்மா பக்கத்தில் நின்றாள்; மற்றப் பெண்கள் பின்னால் நின்றார்கள். கல் ஜெயலெட்சுமி கையில். அவள் புருசன் செத்தபோது அவள் வளையலும் இதே இடத்தில்தான் உடைந்தது.

சிவப்பு உடைந்தது. மஞ்சள் உடைந்தது. தண்ணீர் சில்லுகளை இழுத்துக்கொண்டு போனது.

"பச்சை எங்கடி? ஒளிச்சுட்டியா?"

"ஒளிக்கல அத்தை. இந்தாங்க. நீங்களே ஒடைங்க."

பிடுங்கிப் பாறையில் வைத்து அழுத்திப் பிடித்தாள் ஜெயலெட்சுமி. கல்லை ஓங்கினாள். கட்டைவிரலில் ஏதோ நெருடியது.

"என்னடி சொரசொரன்னு? கீறலா?"

"எழுத்து, அத்தை."

"என்ன எழுத்து?"

ஜீவராணி குனிந்து அவள் காதோரம் சொன்னாள். "வீரசிங்கம்னு வெட்டியிருக்கேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்னக்கா, ஆச்சா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெயலெட்சுமி இன்னும் குனிந்தாள். அவள் முதுகு மறைத்துக்கொண்டது. வளையலைக் கருப்பம்மாவின் மடியில் போட்டு முந்தானையை இழுத்து மூடினாள். பிறகு கல்லை வெறும் பாறையில் ஓங்கி அடித்தாள்.

"ஆச்சு, ஆச்சு. எல்லாம் ஒடச்சாச்சு. போய் வேலையப் பாருங்க!"