விலக்கி வைத்த ஃபோல்டர்

“என் வீட்டுக்காரர் விடியக்காலையில என்ன எழுதுறார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ணே.”

கம்ப்யூட்டர் மெக்கானிக் தோளிலிருந்து பையை இறக்கவில்லை. “போன் பண்ணப்போ கம்ப்யூட்டர்ல தேடல் வேலை செய்யலைன்னுதானேம்மா சொன்னீங்க?”

“அதுவும்தான்.”

மத்தியானம் இரண்டு மணி. வெளியே சத்தமில்லாத தூறல். பாதி தைத்த சட்டைகள் கொடியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவள் தையல்காரி. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

“சில நாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து உக்காந்து தட்டுவார். நான் வந்தா டக்குன்னு மூடிடுவார். கேட்டா ‘சும்மா’ம்பார். பதினோரு வருஷமா அதே சும்மா.”

“உங்களுக்குள்ள சண்டை ஏதாவது?”

“ஒண்ணுமே கிடையாது. அதுதான் பயமா இருக்கு.”

மெக்கானிக் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். “கம்ப்யூட்டர் ரெண்டு பேருக்கும் பொதுதானே?”

“ஆமா. என் அளவுக் குறிப்பெல்லாம் இதுலதான் இருக்கு. பாஸ்வேர்டும் ஒண்ணுதான்.”

“சரி, தேடலைச் சரி பண்ணித் தர்றேன். ஆனா அவர் எழுதினதுல ஒரு எழுத்துகூட நான் படிக்க மாட்டேன். அது உங்க பாடு.”

அவள் தேடல் பெட்டியில் ‘அவள்’ என்று அடித்துக் காட்டினாள். எதுவும் வரவில்லை.

“ஏம்மா இந்தச் சொல்?”

“எவளா இருந்தாலும் ‘அவள்’னுதானே எழுதியாகணும்?”

மெக்கானிக் அமைப்புகளைத் திறந்தார். “புத்தகத்தோட கடைசியில, எந்தச் சொல் எந்தப் பக்கம்னு ஒரு பட்டியல் இருக்குமே? கம்ப்யூட்டரும் அப்படி ஒண்ணு போட்டு வெச்சுக்கும். அதைப் பார்த்துத்தான் தேடும். உங்களுது ஃபைல் பேரை மட்டும்தான் பட்டியல் போடுது. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறதே இல்லை.”

அதை மாற்றினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“ஒரு ஃபோல்டரை மட்டும் பட்டியல்ல சேர்க்காதேன்னு விலக்கி வெச்சிருக்காங்க.”

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். “சேர்த்துடுங்க.”

“யோசிச்சுக்குங்கம்மா. என் அனுபவத்துல, இப்படி விலக்கி வெச்ச ஃபோல்டர்ல நல்லது இருந்து நான் பார்த்ததில்லை.”

“சேருங்கண்ணே.”

பட்டியல் முதலிலிருந்து உருவாக ஆரம்பித்தது. திரையில் எண் ஏறியது. நூறு, முந்நூறு, ஆயிரம். மழை வெளிச்சத்தில் அறையே அரைத்தூக்கத்தில் இருப்பது போலிருந்தது.

“ஊர்ல எல்லாருக்கும் அளவெடுக்கிறேன்,” என்றாள் தனக்குத்தானே. “இந்த மனுஷனை அளக்கத் தெரியலை.”

எண் நின்றது. மெக்கானிக் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் மறுபடியும் ‘அவள்’ என்று அடித்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள்.

“பார்த்தீங்களா?” என்றாள். முதல் ஃபைலைத் திறந்தாள்.

‘அவள் இன்று தூக்கத்தில் சிரித்தாள். “கதவைத் திற, அப்பா வந்துட்டார்” என்றாள். கனவு கண்டாயா என்று காலையில் கேட்டேன். எதுவும் நினைவில்லையாம். நானாவது எழுதி வைக்கிறேன்.’

அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. தான் தூக்கத்தில் பேசுவதே அவளுக்குத் தெரியாது.

அடுத்தது. ‘அவள் “கடல் பார்க்கணும்” என்றாள், இரண்டு முறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வேண்டும்.’

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திடீரென்று என்ன கடல் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அலை காலைத் தொட்டதும் காரணம் தெரியாமல் அழுதாள். அவர் ஒன்றும் கேட்காமல் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்று. ‘சொன்னால் அவள் வெட்கப்படுவாள். அப்புறம் நிம்மதியாகத் தூங்க மாட்டாள். தெரிய வேண்டாம்.’

மெக்கானிக் திரும்பாமலே கேட்டார். “யாரும்மா அது?”

“நான்தாண்ணே.”

கடைசி ஃபைல், அன்று விடியற்காலையில் எழுதியது.

‘அவள் இன்று தூக்கத்தில் அழுதாள். “மத்தியானம் மெக்கானிக் வரட்டும், இவர் குட்டு உடையும்” என்றாள். இத்தனை நாள் மறைத்தது தப்பு. ஃபோல்டரை விலக்கி வைத்தவன் நான். நானே எடுத்துக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. வருகிறவர் காட்டிக்கொடுக்கட்டும். அவருக்கு டீ போடப் பால் வாங்கி வைத்துவிட்டுப் போகிறேன்.’