சிலைக்கு வந்த லாரி

காலிக் குடமும் கையுமாக நிற்கிற தையல்காரிக்கு வயிறு எரிகிறது. அவள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி, நாற்சந்தியில் நின்று தலைவர் சிலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு மாலை போட மந்திரி வருகிறாராம். வெயிலில் வெண்கல வழுக்கை பளபளக்கிறது. குழாய் சீறுகிற சீறலில் காக்கை எச்சமெல்லாம் எப்போதோ போயாயிற்று. இப்போது நல்ல தண்ணீர்தான் தோள், மார்பு, செருப்பு என்று வழிந்து கொளகொளவென்று சாக்கடைக்குள் இறங்குகிறது. நீட்டிய கையின் விரல்நுனியிலிருந்து மட்டும் நூல் பிடித்தாற்போல் ஒழுகுகிறது. அவள் கம்பிவேலியைத் தாண்டிப் போய்க் குடத்தை அந்த விரலுக்கு நேர் கீழே வைக்கிறாள். காவலர் லத்தியோடு ஓடி வருகிறார். “எடும்மா அதை. தலைவரை அவமானப்படுத்துறியா?” அவள் நகர்வதாக இல்லை. “அவரு குடுக்குறாரு, நான் வாங்கிக்கிறேன். நடுவுல நீங்க யாரு சார்?”