ஆடிட்டர் கேட்ட கேள்வி

அன்று பேஸ்டிங் ஹாலில் இருந்தவர்கள்: ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவும் பெண்கள் பதினெட்டு பேர், அவர்களுடைய சூப்பர்வைசர் கேத்தரின், முதலாளி வக்கார் அகமது, ஜெர்மன் கம்பெனிக்காக ஃபேக்டரியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர். ஆக இருபத்தொரு பேர்.

அன்று மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. நான்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடின. பின்புறம் தோல் துண்டுகளைப் போட்டு எரிக்கவில்லை. பெண்கள் எல்லோரும், கரித்தூள் வைத்துத் தைத்த துணி மாஸ்க் கட்டியிருந்தார்கள்.

ஆடிட்டர் சுற்றிப் பார்த்தார். பிறகு வழக்கப்படி, வேலை செய்பவர்களில் ஒருவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அந்த நேரத்தில் முதலாளிகூட உள்ளே போகக் கூடாது. முதலாளி நம்பி அனுப்பியது கேத்தரினை. முதலாளி வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார்.

மாலையில் ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியது. ஃபேன்கள் நின்றன. பின்புறம் புகை கிளம்பியது.

கேத்தரின் அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

“மாஸ்க்கைக் கழட்டி இதுல போடுங்க.”

“இன்னாக்கா, இரவல் நகை மாதிரி? போட்டோ எடுத்ததும் திருப்பிக் கேக்கறீங்க?” என்றாள் ஷஹீன் பானு.

எல்லோரும் சிரித்தார்கள். கேத்தரின் சிரிக்கவில்லை. எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது.

“யார்கிட்ட இருக்கு?”

கேத்தரின் வாசலை மறித்து நின்றாள்.

“மாதனூர் பஸ் நிக்குது. மாஸ்க் வராம யாரும் ஏற முடியாது. பையை எல்லாம் தொறங்க.”

ஜெனிஃபாவின் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. ஜெனிஃபாவுக்கு அது ஐந்தாம் மாதம்.

“அக்கா, இது ஒன்னை மட்டும் விட்டுடுங்கக்கா. போன தடவை தங்கலன்னு உங்களுக்கே தெரியும். இந்தப் பசை வாசனையில தலை சுத்துது. பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.”

“எண்ணிக்கை சரியா இருக்கணும். குடு.”

“நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே?”

கேத்தரின் மாஸ்க்கை வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

“ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல முதல் பெஞ்சு,” என்றாள் ஷஹீன் பானு, கேத்தரினுக்குக் கேட்கும்படியாகவே. “வா ஜெனிஃபா. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு உனக்கு. ஆனா அங்கயும் இந்தப் புகைதான் வரும். எங்க வீட்ல காயப்போட்ட துணியெல்லாம் இப்ப கருப்பாயிருக்கும்.”

முதலாளி அறையில் கேத்தரின் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“எண்ணிட்டியாம்மா?”

“இருபதும் இருக்கு சார். நான் போட்டிருந்தது, கைவசம் வச்சிருந்த ஒன்னு, எல்லாம் சேர்த்து.”

அவரும் ஒருமுறை எண்ணினார். சரியாக இருந்தது.

“ஷாபாஷ். இதுக்குத்தான் உன்னை நம்பறது. பீரோவுல வச்சுப் பூட்டு, அடுத்த ஆடிட்டுக்கு ஆவும்.” மறுபடி இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். “டாக்டர் ஒரு மாசம் இந்தப் பக்கமே வராதேங்கறாரு. ஆர்டரை வச்சுக்கிட்டு எங்க போறது? அது சரி, ரூம்ல கூப்பிட்டு இன்னா கேட்டாரு அவரு?”

கேத்தரின் தயங்கினாள்.

“வெளிய சொல்லக் கூடாதுன்னாரு சார்.”

“என் கம்பெனிம்மா இது. சொல்லு.”

“இனிமே தேதி சொல்லிட்டு வர மாட்டாங்களாம். எப்ப வேணும்னாலும் வந்து நிப்பாங்களாம். ஃபேன் ஓடலைன்னாலோ, மாஸ்க் இல்லைன்னாலோ, பின்னாடி புகை தெரிஞ்சாலோ, ஆர்டர் கேன்சலாம்.”

“எப்ப வேணும்னாலும்னா? நாளைக்கேவா?”

“நாளைக்கேகூட இருக்கலாம் சார்.”

“யா அல்லா!” முதலாளி எழுந்து ஜன்னலைத் திறந்தார். “அந்த நெருப்பை அணைங்கடா! யாருடா ஃபேனை நிறுத்துனது? கரண்ட் பில் ஜாஸ்தியானா ஆவட்டும்!”

“மாஸ்க் சார்?”

“தினம் குடு! இன்னும் ஏன் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற?”

மறுநாள் காலை நான்கு ஃபேனும் ஓடின. ஆடிட்டர் இனி சொல்லாமல் வருவார் என்ற செய்தி ஹால் முழுக்கப் பரவியிருந்தது. ஹாலுக்கு வந்த முதலாளி, ஆடிட்டர் வந்தால் தானும் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு மாஸ்க் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் நின்று வேலையைப் பார்த்தார். இருமவில்லை.

கேத்தரின் தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியாக ஜெனிஃபாவிடம் வந்தாள். அவள் நீட்டிய மாஸ்க்கின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஜெனிஃபாவின் பெயர் தைத்திருந்தது.

ஜெனிஃபா கையை நீட்டவில்லை.

“ஆடிட்டருக்குப் பயந்து குடுக்கறீங்க. நேத்து நான் கெஞ்சினப்போ குடுக்கல.”

“நேத்து ஒன்னு குறைஞ்சிருந்தா முதலாளி என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பாரு. அப்புறம் நான் சொன்ன எதையும் நம்பியிருக்க மாட்டாரு.”

“அப்படி இன்னா சொன்னீங்க? ஆடிட்டர் சொன்னதைத்தானே சொன்னீங்க?”

கேத்தரின் முதலாளி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதருகில் குனிந்தாள்.

“ஆடிட்டர் என்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னுதான்டி. ஆம்பூர்ல எந்தக் கடையில பிரியாணி நல்லா இருக்கும்னு கேட்டாரு.”

ஜெனிஃபா மாஸ்க்கை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பெட்டியில் மீதி: பூஜ்யம்.