வேட்டைக்காரி கேட்ட தண்ணீர்

"பேயைக் கொல்லப் போனவ, அந்தப் பேய்கிட்டயே குடிக்கத் தண்ணி கேக்கறா. இதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

எடிட்டரம்மா கைப்பிரதியின் கடைசிப் பக்கத்தைப் பேனாவால் தட்டினாள். எதிரே, விற்காத புத்தகக் கட்டு ஒன்றின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் ஜெராக்ஸ் கடைக்காரர். வருகிறவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் டேபிள் ஃபேன் இருந்தது. நாவலை எழுதியது அவர்தான். முந்நூறு பக்கத்தையும் தானே ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

பேர் தெரியாத ஆள் எழுதியதுதான் என்றாலும் அந்த நாவல் அவளைச் சும்மா விடவில்லை. பேய்க்கதைகளைத் திருத்தித் திருத்தி, பேய் என்றாலே கொட்டாவி விடுகிறவள், நேற்று மத்தியானம் சாப்பாட்டை மறந்து படித்திருந்தாள். மனித வேஷத்தில் நகரத்தில் திரியும் பேய்களைத் தேடித் தேடித் தீர்த்துக்கட்டும் ஒருத்தி. சாக்கடைச் சந்து, கிழிந்த ஜெர்கின், இடுப்பில் இரும்புக் கத்தி. இது ஓடினால் பதிப்பகம் பிழைக்கும். ஓட வேண்டுமே.

"தலைப்பை மாத்தணும்."

"மாத்திடலாம், மேடம்."

"நடுவுல அம்பது பக்கம் குறைக்கணும்."

"குறைச்சிடலாம், மேடம்."

"இந்த முட்டி வலியை எடுத்துடுங்க. வீராதி வீரி, நாலு படி ஏறினா உக்காந்துடறா."

"வலிச்சுதுங்களே."

எடிட்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "பேய் முன்னாடி நின்னு தும்மறாளே, அது?"

"அவளுக்குத் தூசி ஒத்துக்காது, மேடம்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "யாரு அவங்க?"

"என் சம்சாரம்தாங்க." அவர் குரல் இறங்கியது. "இருபது வருஷம் இதே வேலைதான் பார்த்தா. கடைசிக் கேஸைக் கோட்டை விட்டுட்டான்னு சீட்டைக் கிழிச்சுட்டாங்க. நாலு வருஷமாச்சு. இன்னும் 'நான் ஒண்ணுக்கும் உதவாதவ'ன்னு நினைச்சு நினைச்சுக் குமையறா. வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறா. அச்சுல வந்தா நம்புவா."

பேய் ஓட்டிப் பிழைப்பவர்கள் இருப்பதாக எடிட்டரம்மாவும் கேள்விப்பட்டிருக்கிறாள். வயிற்றுப் பிழைப்புக்கு ஆயிரம் வழி. பெண்டாட்டிக்காக முந்நூறு பக்கம் எழுதிய மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள். அவள் மனசு இளகிவிட்டது.

"அப்போ நான் சொல்றதும் உங்களுக்கு நல்லதுதானே? கடைசியில அந்தப் பேயை ஒரே குத்தாக் குத்திடட்டும். அவங்களும் ஜெயிச்ச மாதிரி ஆச்சு, புத்தகமும் போகும். நாளைக்கே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், மெல்ல எட்டிக் கைப்பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது மட்டும் முடியாது, மேடம். அவ கொல்லலை."

"கதைதானே?"

"கொன்னிருந்தா இந்தக் கதையே இருந்திருக்காது."

மனிதர் வெல்லக்கட்டி போல இருந்தாலும் கரையமாட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. பெருமூச்சு விட்டாள்.

"சரி, உங்க முடிவே இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மொட்டை மாடியில மாட்டிக்கிட்ட பேய் செத்தோம்னு நினைச்சு நடுங்குது. அவ முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து தண்ணி கேட்டதும், தப்பிச்சு ஓடாம, தொட்டிக் குழாயில தண்ணி பிடிச்சுக் கொண்டுவந்து குடுக்குது. மொத்தப் புத்தகத்துலயும் உயிர் இருக்கிறது அந்த ரெண்டு பக்கத்துலதான். வேட்டைக்காரி மனசு சம்சாரம் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டீங்க. பேயோட மனசு எப்படித் தெரிஞ்சுது?"

ஜெராக்ஸ் கடைக்காரர் கூச்சத்தோடு காதைச் சொறிந்துகொண்டார்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு சொல்வாங்க," என்றார். "அவளை நான் லிஃப்ட் இருக்கிற வீட்டுலதான் வெச்சிருக்கேன், மேடம்."