கதவுக்குள் ஒரு குடியிருப்பு

இங்கிலாந்தில் பிறந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. மெக்கானிக் தேவசகாயம் ஒரு காந்தத்தை அதன் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். பானெட்டில் ஒட்டிய காந்தம், கதவில் வைத்ததும் வழுக்கி விழுந்தது.

“இங்கே தகரமே இல்லையே?” என்றது காந்தம்.

“உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. மூன்று பட்டறைகளில் சரிசெய்த கதவு இது. பளபளப்பைப் பார்!” என்றது கார்.

தேவசகாயம் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் பட்டிப் பூச்சு, அதற்கும் அடியில் பழைய பட்டி. விரல் தடிமனுக்குப் பூசியிருந்த அத்தனையும் உதிர்ந்ததும், கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. அதைச் சுற்றித் துரு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

கார் பதறிவிட்டது. “நீ எப்போது வந்தாய்?”

“முதல் பட்டறைக்கு முன்னாலேயே. அப்போது மிளகு அளவுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் மேலே பூசி, யாரும் என்னைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்,” என்றது துரு.

தேவசகாயம் தகரம் வெட்டும் மெஷினை எடுத்தார்.

“வெட்டத்தான் வேண்டுமா? மேலாக இன்னொரு பூச்சு பூசினால் போதாதா?” என்று கெஞ்சியது கார்.

“தாராளமாகப் போதும்,” என்றது துரு.