முதல் தட்டு

நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், தேதி போடும் ரப்பர் சீலும் ஸ்டாம்ப் பேடும் டிராயருக்குள் போயின.

இனி எல்லாம் இணையதளத்தில்தான். மவுஸை ஒருமுறை தட்டினால் புத்தகம் வெளியே போனதாகப் பதிவாகும். இன்னொரு முறை தட்டினால் திரும்பி வந்ததாகப் பதிவாகும். நூலகர் தவமணியோ எப்போதும் இரண்டு தட்டு தட்டினார். வாசகர் வாசலைத் தாண்டுமுன்பே, அவர் கையிலிருந்த புத்தகம் அலமாரியில் இருப்பதாகத் திரை சொன்னது.

"இந்தம்மாவோட முடியலப்பா!" என்று மவுஸ் அலுத்துக்கொண்டது. "ஒரு தட்டு போதும்னா கேக்கவே மாட்டேங்கறாங்க. இப்படியே போனா பாதிப் புத்தகம் எங்கே போச்சுன்னே தெரியாது."

டிராயருக்குள் சீல் சிரித்தது. "அவங்களைத் திட்டாதே. முதல் தட்டு உனக்கில்ல, பேடுக்கு. மை தொடாம அவங்க ஒரு புத்தகத்தையும் அனுப்பினதில்ல."

"அப்போ நீ வெளியே வாயேன்," என்று மவுஸ் பேடைக் கெஞ்சியது.

"நானா? மை காஞ்சு கிடக்கே," என்று பேடு கூச்சப்பட்டது.

மதியம் கண்ணாடி துடைக்கத் துணி தேடி டிராயரைத் திறந்த தவமணி, பேடைப் பார்த்ததும் ஆசையாக எடுத்து மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த வாசகர் புத்தகத்தை நீட்டினார். தவமணியின் விரல் பேடில் ஒரு தட்டு தட்டியது, பிறகு மவுஸில் ஒன்று. வெளியே போன புத்தகம் வெளியேதான் இருந்தது.

மறுவாரம் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்தவர் பேடைக் கையில் எடுத்தார். "காஞ்ச பேடு இங்க எதுக்கும்மா?"

தவமணி பதில் யோசிப்பதற்குள் மவுஸ் அலறியது: "கீழ வைங்க, அது என்னுது!"